கொண்டை ராணிகள்

என் கணவரின் அக்காவுக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் 'சில்லறை'. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். பழகப் பழக முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நோட்டுன்னு கூப்பிட்டாதான் கோபம் வரும். அது நனைஞ்சா கிழியும்" என்றார்.

அதோடு கேலியில் ருசி போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே அக்கா தன் புருஷனை விட்டுவிட்டு ஒரு துணிப்பையோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் என் கணவரின் அண்ணன், எங்கள் எல்லாருக்கும் 'பெரியவர்', பேச்சோடு பேச்சாக "வெறுங்கையோட வந்தவ" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். அக்காவோ வந்த மாதமே வேலை தேடிக்கொண்டார். சம்பளத்தில் பெரும்பகுதியைத் தம்பி கையில் கொடுத்துவிடுவார். மீதியில்தான் அவர் சேர்க்கிற பழைய காசுகள் வந்தன. பெரியவர் அந்தக் கணக்கை மட்டும் என்றைக்கும் சொன்னதில்லை.

வேலை பழைய இரும்புக் கடையில். தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு குவியலுக்கும் இன்னொரு குவியலுக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து தரம் பிரிக்க வேண்டும். ஒரு கையில் கயிறு கட்டிய காந்தம், மடியில் ஒரு அரம். காந்தம் இழுத்தால் இரும்பு, தூக்கி அந்தப் பக்கம் எறி. இழுக்காவிட்டால் அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு. உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சிவப்புத் தெரிந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்து கனமும் இல்லாவிட்டால் அலுமினியம். உடைந்த குழாய், மின்விசிறியின் வயிறு, பூட்டு, கீல் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். நான் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். சுற்றிலும் அத்தனை சத்தம். அக்கா மட்டும் பூ கட்டுகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அப்படித்தான் முதல் காசு கிடைத்தது. குழாய்த் துண்டுகளோடு சேர்ந்து கறுப்பாக ஒரு வட்டம். வழக்கம்போல அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தார். சிவப்பு. செம்புக் குவியலில் போடப் போனவர், கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட, முந்தானையில் துடைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் முகம். பின்னால் அள்ளி முடிந்த கொண்டை.

"ராணியா இருந்தாலும் வேலை நேரத்துல முடியைக் கட்டித்தான் வைக்கணும் போல. எனக்கு அது பிடிச்சுப்போச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கடை முதலாளி எடை போட்டுச் செம்பு விலைக்கே கொடுத்துவிட்டார். அந்த விலைக்கு ஒரு ராணி!

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகங்கள் விற்கும் வரிசையின் கடைசியில், காசும் தபால்தலையும் விற்கிற ஒருவர் இருப்பார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. அதனால் 'கண்ணாடிக்காரர்'. அவரிடம் அக்கா அந்தக் காசைக் காட்டினார். அவர் நெற்றிக் கண்ணாடியையும் கீழே இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"பிரிட்டிஷ் பென்னிம்மா இது. நல்ல காசு. ஆனா யாரு ராணியை ஓரத்துல கடிச்சது?"

"நான்தான். அரத்தால."

"ஏன், பசியா?"

அக்கா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அக்கா கண்ணாடிக்காரருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, ஏன் கூடாது. வெயில் ஏறும்வரை கேட்டார். தெரியாததைக் கேட்பதற்கு அக்கா ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. எனக்குத்தான் அந்த வழக்கம் இல்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து கடைக்கு வரும் குவியலில் ஒன்றிரண்டு, சந்தையில் ஒன்றிரண்டு என்று சேர்ந்தன. அக்கா அவற்றைச் சுத்தம் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரை வாங்கி வந்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் காசைப் போட்டுவிடுவார். அவ்வளவுதான், போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். தண்ணீர் கலங்கினால் மாற்றுவார். மண் ஊறி இளகிய பிறகு மூங்கில் பல்குச்சியை நுனியில் மென்று மிருதுவாக்கி, எழுத்துகளுக்கு நடுவில் இருப்பதை மட்டும் தள்ளிவிடுவார். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மருந்துக்கடை ஆலிவ் எண்ணெயில் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் பழைய பருத்தித் துணியில் வைத்து ஒற்றுவார். ஒற்றத்தான் செய்வார், தேய்க்கமாட்டார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும்போதுகூட நாம் கொஞ்சம் தேய்ப்போம். அக்கா காசை அதைவிட மெதுவாகத் தொடுவார்.

"பளபளன்னு ஆக்கிடலாமே அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்தப் பழுப்புதான் அதோட தோல். நூறு வருஷமா அதுவே போட்டுக்கிட்டது. தோலை உரிச்சுட்டா அழகா இருக்கும்? ஒரு தடவை உரிச்சா போச்சு, யாராலயும் திரும்பப் போட முடியாது. விலையும் போயிடும்."

மதிப்பிடுவதையும் சொல்லித்தந்தார். விளிம்பில் மட்டும் பிடித்து வெளிச்சத்தில் சாய்க்க வேண்டும். ராணிக்கு முதலில் தேய்வது காதுக்கு மேலே இருக்கிற முடி. மறுபக்கத்தில் சூலம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முதலில் தேய்வது முழங்கால்.

"எனக்கும் அதே வரிசைதான்" என்று தன் முழங்காலைத் தட்டிக்கொள்வார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், மறுபக்கம் கடலில் ஒரு கப்பல். கப்பலின் பாய்மரக் கோடுகள் தெரிந்தால் நல்ல காசு. இதே கொண்டை போட்ட ராணியையே வருடம் வருடமாகத் தேடி ஒரு வரிசை சேர்த்திருந்தார். அதில் ஒன்று மட்டும் தனி. எழுத்துகளின் இடுக்கில் அச்சடித்த நாளின் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எனக்குக் குடுத்துட்டு என்ன வேணும்னாலும் எடுத்துட்டுப் போ" என்றார். "உங்க ரெண்டு கண்ணாடியும் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு இரண்டே அறைகள். அக்கா முன்னறையில் படுப்பார். அங்கிருக்கும் மர அலமாரியில் தனிக் கதவு வைத்த கீழ்த்தட்டு அவருடையது. இரண்டு புடவை, மருந்து, அட்டைப்பெட்டியில் காசுகள். அந்த வீட்டில் அவர் தன்னுடையது என்று சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வந்தார். அவருக்கு ஒரு கிடங்கில் வேலை. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அவர் சிரித்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"எங்க மேனேஜர் மாத்தலாகிப் போறார். பழைய சாமான்னா உசுரு அவருக்கு. உன்கிட்ட அந்த ராணிக் காசு வரிசையா இருக்குல்ல? ஒரு சட்டத்துல போட்டுக் குடுத்தா ரொம்ப நல்லா இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்ணே. ஆனா தரமாட்டேன்" என்றார் அக்கா.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துப் பெரியவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

"சும்மா வேணாம். விலை சொல்லு."

"விக்கறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்குத்தான் வச்சிருக்க?"

"வச்சிருக்கறதுக்குத்தான்."

"இங்க பாரு, மேற்பார்வையாளர் இடம் காலியாகுது. அவர் போகறப்போ என் பேரைச் சொல்லிட்டுப் போவார். நம்ம குடும்பத்துக்குத்தானே கேக்கறேன்?"

"உன் வேலைக்கு உன் கைக்கடிகாரத்தைக் கழட்டிக் குடு."

என் கணவருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. பெரியவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது.

"நம்ம வீட்டுப் பொருள்தானே அது? பெரிசா பேசற!"

"வீட்டுப் பொருள் நீ உக்காந்திருக்கியே அந்த நாற்காலி. வேணும்னா தூக்கிட்டுப் போ. காசு என்னோடது."

பெரியவர் நாற்காலியைத் தூக்கவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைக் கடையில் கொடுக்க நான் போயிருந்தேன். அக்கா வேலையில் இருந்தார். வீட்டில் என் கணவர் மட்டும். நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், அலமாரியைத் திறந்தார், பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கொண்டை ராணி வரிசை முழுக்கக் காணோம்.

"அண்ணனா வந்தான்?"

"அண்ணிதான் வந்தாங்க. மேனேஜருக்குக் காட்டிட்டுத் திருப்பித் தந்துடறேன்னு…"

"நீ நம்பினியா?"

அவர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

"நம்பல. ஆனாலும் குடுத்த."

"அண்ணன் கேட்டு இல்லன்னு எப்படிக்கா சொல்றது?"

"நான் சொன்னேனேடா, உன் முன்னாலதான். காதுல விழலயா?"

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் புடவையைக் கட்டாமல் வேறு புடவை கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "வர்றியா?" என்றார். காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காதவர். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பெரியவர் வீடு மூன்றாவது மாடி. சோபாவின் மேல், வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் கிறீச்சென்று கத்தும். அக்கா சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையை நோக்கிப் போனார். அங்கே அது இருந்தது. பொன்னிறச் சட்டம், கண்ணாடி, உள்ளே கருநீல வெல்வெட். நடுவில் 'அன்புடன்' என்று போட்டுப் பெரியவரின் பெயர். அதைச் சுற்றி வட்டமாகக் காசுகள்.

எனக்கு முதலில் அவை அக்காவுடைய காசுகள் என்றே தெரியவில்லை. புதுக் குழாய் மாதிரி மின்னின.

பெரியவரின் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு எங்களைப் பார்த்ததில் பயமில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

"பாத்தியா? நேத்து சாயங்காலம் முழுக்க உக்காந்து தேய்ச்சேன். ஒரே அழுக்கு! எப்படித்தான் இப்படி வச்சிருந்தியோ. என் விரலைப் பாரு." நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

"எதை வச்சுத் தேய்ச்சீங்க அண்ணி?"

"பித்தளை பாலிஷ். அதுக்கும் போகாததுக்குக் கம்பி நார்."

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டத்தைக் கையிலெடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். அந்தச் சிவப்பு ஒட்டியிருந்த காசைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தேடிப் பயனில்லை. எல்லாம் ஒரே நிறம். சிராய்ப்பு ஆறி மேல்தோல் உரிந்த இடம் மாதிரி ஒரு இளஞ்சிவப்பு. கப்பலின் கோடுகளுக்கு மேலே கம்பி நாரின் கோடுகள் ஓடின.

"நல்லா இருக்குல்ல?" என்றார் அண்ணி. இந்த முறை குரலில் கொஞ்சம் சந்தேகம்.

அக்கா சட்டத்தைக் கவிழ்த்தார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

"என்ன பண்ற?"

"எடுக்கறேன்."

"ஒட்டியிருக்குடி எல்லாம்! நல்ல பசை!"

"தெரியுது. நெயில் பாலிஷ் அழிக்கற தண்ணி இருக்கா அண்ணி?"

அண்ணி திகைப்பில் போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் எதற்கென்று உறைத்தது. உடனே உள்ளே பார்த்து, "ஏங்க! ஏங்க! இங்க வாங்களேன்!" என்று கத்தினார்.

பெரியவர் பாதி முகத்தில் சவரநுரையோடு வந்தார். அதற்குள் வெல்வெட் நனைந்து, முதல் காசு கழன்று அக்கா உள்ளங்கையில் இருந்தது. நீலச் சாயம் மேசைவிரிப்பில் ஊறியது.

"ஏய்! இன்னைக்கு சாயங்காலம் விழா! உனக்கு என்ன பைத்தியமா?"

"இருக்கலாம். இது ரெண்டாவது" என்று அடுத்த காசின் விளிம்பில் ஒரு சொட்டு விட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும் தேய்க்கக் கூடாதுன்னு?" என்று அண்ணி அழுகிற குரலில் சொன்னார். "அழகா இருக்கட்டும்னுதானே…"

"கேட்டிருக்கலாம் அண்ணி. எனக்கும் ஒரு காலத்துல தெரியாதுதான். நான் கேட்டேன்."

பெரியவர் நுரையைத் துண்டால் வழித்தார். குரலைத் தணித்துக்கொண்டார். கத்துவதைவிட அந்தக் குரல்தான் மோசம்.

"சரி. தப்பு நடந்துடுச்சு. பாழானது பாழாயிடுச்சு. இனிமே உனக்கு அதால என்ன பிரயோஜனம்? விலை போயிடுச்சுன்னு நீயே சொல்லுவ. எனக்காவது உதவட்டும், விட்டுடு."

ஒரு நிமிடம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

"பாழானதும் என்னோடதுதான்" என்றார்.

பெரியவர் கையை நீட்டிச் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் பிடித்த பிடியில் கண்ணாடி நெரிந்து சத்தம் கேட்டது. "விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கலியாணமாகி வந்ததிலிருந்து நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். வியப்பிலோ என்னவோ, விட்டுவிட்டார்.

பிறகு யாரும் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் எடுக்க மதியத்துக்கு மேலாகிவிட்டது. அண்ணி இடையில் ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். அக்கா சாப்பிட்டார். சண்டை வேறு, பசி வேறு என்பது அவர் கட்சி. கடைசிக் காசு கழன்றதும் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"மேனேஜர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார் பெரியவர், வாசல்வரை வந்து.

"தங்கச்சி தரலன்னு சொல்லு. உண்மைதானே?"

மறுநாள் சந்தையில் கண்ணாடிக்காரர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். இழவுக்கு வந்தவர் போல இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்தார்.

"இப்ப என்ன பெறும்?" என்று அக்கா கேட்டார்.

"செம்பு விலைதான்மா." பிறகு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு வழி இருக்கு. அவிச்ச முட்டையை உடைச்சு ஒரு டப்பாவுல போட்டு, கூட இதையும் வச்சு மூடிடு. கறுத்துடும். பாதிப் பேருக்குத் தெரியாது."

"மீதிப் பேரு?"

"அவங்ககிட்ட காட்டாத."

"வேஷம் போடறதுக்கா இவ்வளவு சண்டை போட்டு எடுத்துட்டு வந்தேன்? தேய்ச்சாங்க, தேய்ச்ச மாதிரியே இருக்கட்டும். மறுபடி பழுப்பாகணும்னா அதுவா ஆகட்டும்."

"அதுக்கு உன் ஆயுசு போதாதும்மா."

"ஆயுசு எனக்குத்தான் குறைவு. ராணிக்கு என்ன அவசரம்?"

திரும்பும் வழியில் அக்கா ஒரு பூட்டு வாங்கினார். அதுவும் பழையதுதான், சாவி மட்டும் புதுசு. வீட்டுக்கு வந்து அலமாரியின் கீழ்த்தட்டுக் கதவில் தானே கொண்டி அடித்துப் பூட்டினார். என் கணவர் சுத்தியல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார், வந்து ஆணியைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் விழாவில் மேனேஜருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாராம். அவருக்கு அதில் ரொம்ப சந்தோஷமாம். மேற்பார்வையாளர் இடமும் பெரியவருக்கே கிடைத்துவிட்டது. இதையெல்லாம் அண்ணி தொலைபேசியில் என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் இவ்வளவு பேசியதும் அதுதான் முதல் தடவை. "அந்தக் காசு இல்லாமலேயும் நடந்துருக்குது பாரேன்" என்று தானாகவே சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டார்.

புது வேலை கிடைத்த கையோடு பெரியவர் வந்தார். அக்கா மேசையில் கிண்ணத்தை வைத்து வேலையாக இருந்தார். அந்த வாரம் குவியலில் வந்த ஏதோ ஒரு காசு. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துடுச்சு. அன்னைக்கு என் வீட்டுல வந்து நீ பண்ணினதை நானும் மறந்துடறேன். ஒரு வார்த்தை மன்னிப்புன்னு சொல்லிடு. முடிச்சுக்கலாம்."

"யாரு சொல்லணும்?"

"நீதான்."

"மாத்திச் சொல்றண்ணே. நீ கேளு, நான் யோசிக்கறேன்."

பெரியவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வெறுங்கையோட வந்தவளுக்கு இவ்வளவு திமிர் ஆகாது! இனிமே இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்!"

அக்கா கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாசல் எப்பவும்போல திறந்துதான் இருக்கும்ணே. அலமாரிதான் பூட்டியிருக்கும்."

அவர் படியிறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது. நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். என் கணவர் சிறிது நேரம் வாசலைப் பார்த்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார்.

"அக்கா, சாவி எங்க வச்சிருக்க?"

அக்கா நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்கிட்டயா சொல்றது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார். அக்கா கலங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினார்.